குத்த வைக்க ஓர் இடம்

என் அக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே நரம்புகள் பச்சையாக முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். ராத்திரி படுக்கும்போது இரண்டு தலையணைகளை அடுக்கி அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ‘நின்னே சம்பாதிச்ச சொத்துட்டி இது’ என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

அவள் ப்ளஸ் டூ முடித்த வருடம் எங்கள் பக்கம் மழை பொய்த்தது. குளத்தூரைச் சுற்றி எல்லாம் மானாவாரிக் கரிசல். மிளகாய், பருத்தி, உளுந்து, கம்பு எல்லாமே வானத்தைப் பார்த்து விதைப்பது. மழை இல்லாத வருடம் ஆண்கள் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். பெண்பிள்ளைகள் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறுவார்கள், இல்லையென்றால் ஜவுளிக்கடைக்குப் போவார்கள். ஊரிலிருந்து ஏழெட்டுப் பேரை ஒரு ஏஜென்ட் கூட்டிப்போனார். அதில் அக்காவும் ஒருத்தி. ஒரு பெரிய நகரம், அதில் ஒரு பெரிய கடை. காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். ஆளே வராத மத்தியானத்திலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால் திட்டு, உட்கார்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். சேலை பார்க்க வருகிறவர்களுக்கு மெத்தை வைத்த ஸ்டூல் உண்டு. அதைத் துடைத்துப் போடுவதும் இவர்கள் வேலை. கழிப்பறை நாலு மாடி தாண்டி இருந்ததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். முதல் வருடத்திலேயே நீர்க்கடுப்பு வந்தது. ஏழு வருடம் அங்கே நின்றாள்.

மாதம் தவறாமல் மணியார்டர் வந்தது. அந்தப் பணத்தில்தான் நான் விடுதியில் தங்கி இளங்கலை, முதுகலை படித்தேன், ஆய்வில் சேர்ந்தேன். என் ஆய்வேடு முல்லைத்திணை பற்றியது. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று ஐந்து உரிப்பொருள் உண்டல்லவா, அதில் முல்லைக்கு இருத்தல். போன தலைவன் திரும்பும்வரை தலைவி ஆற்றியிருப்பது. நூலகத்தில் உட்கார்ந்து, மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து, ‘இரு’ என்ற வினைக்கு வாழ்தல், தங்குதல், அமர்தல், காத்திருத்தல் என்று பொருள் பிரித்துப் பிரித்து எழுதினேன். என்னை உட்கார வைப்பதற்காக ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள் என்பது ஆய்வேட்டின் நன்றியுரையில் ஒரு வரியாக இருந்தது. வேறெங்கும் இல்லை. முனைவர் பட்டம் வாங்கி வெகுநாள் கழித்துத்தான் அந்த வரியின் கனம் எனக்கு உறைத்தது.

2010-இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ வந்தபோது அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். சென்னை ரங்கநாதன் தெருவின் கதை. தென் மாவட்டங்களிலிருந்து ஜவுளிக்கடைக்குப் போகும் பிள்ளைகளின் கதை. ஊரில் எல்லாரும் பார்த்து அழுதார்கள். அக்கா இடைவேளையிலேயே எழுந்துவிட்டாள். ‘வா, வெளிய செத்த உக்காருவோம்’ என்றாள். தியேட்டர் படிக்கட்டில் உட்கார்ந்து முறுக்கு வாங்கித் தின்றாள். உள்ளே படம் ஓடி முடிந்தது.

எங்கள் பக்கம் ‘உட்கார்’ என்பதைவிடக் ‘குத்த வை’ என்பதுதான் புழக்கம். குதிகாலில் உடம்பை இறக்கி, முழங்காலை மடக்கி, நாற்காலியும் திண்ணையும் இல்லாமல் உட்காருவது. ‘செத்த குத்த வச்சிட்டுப் போயேன்’ என்பார்கள். காட்டுப்பக்கம் ஒதுங்குவதும் குத்த வைப்பதுதான். பெண்பிள்ளை வயசுக்கு வந்தாலும் ‘குத்த வச்சிட்டா’ என்றுதான் சொல்வது. மூன்று காரியத்துக்கும் ஒரே சொல். இதில் இரண்டு மறைவாக நடக்க வேண்டியவை, அல்லது மறைவாக நடக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவை. சும்மா உட்காருவதும் அவற்றோடு சேர்ந்து மறைவுக்குப் போய்விட்டதோ என்று நினைப்பேன். சொல்லாராய்ச்சியில் இதற்கு ஆதாரம் காட்ட முடியாது. ஊரில் காட்டலாம்.

எங்கள் ஊரில் மடத்தில் ஆண்கள் உட்காருவார்கள். அரசமரத்து மேடையில் ஆண்கள். டீக்கடை பெஞ்சில் ஆண்கள். பேருந்து நிறுத்தத்து நிழற்குடைக்குள் சீட்டு விளையாடிக்கொண்டு ஆண்கள். பேருந்துக்காக நிற்கிற பெண்கள் நிழற்குடைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் நிற்பார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்வார்கள். பெண்கள் உட்காரவே இல்லையா என்றால், நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். களை எடுக்க, வத்தல் காம்பு கிள்ள, பருத்தி வெடிப்பு பிரிக்க. என் அம்மா தீப்பெட்டி ஒட்டினாள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் அக்காவும் பக்கத்தில் குத்த வைத்துப் பசை தடவுவோம். அம்மாவுக்கு இடுப்பு போனது உட்கார்ந்ததால், அக்காவுக்குக் கால் போனது நின்றதால். இரண்டையும் வேறு யாரோ தீர்மானித்தார்கள்.

அம்மா வேலைக்கு அல்லாமல், வெட்டவெளியில், பகலில், நாலு பெண்களோடு உட்கார்ந்து நான் முதலில் பார்த்தது கம்மாய்க்கரையில். நூறு நாள் வேலை எங்கள் மாவட்டத்துக்கு 2008-இல் வந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போகிறவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்கள். வேலை நடக்கும் இடத்தில் குடிதண்ணீரும் இளைப்பாற நிழலும் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது. காலையில் மண் வெட்டிச் சுமந்துவிட்டு, அளவெடுக்க ஆள் வரும்வரை கருவேல நிழலில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து, கஞ்சியையும் கதையையும் பகிர்ந்துகொண்டார்கள். ஊரில் உடனே ஒரு கேலி கிளம்பியது. ‘சும்மா உக்காந்துட்டுச் சம்பளம் வாங்கிட்டு வாராளுக.’ இன்றுவரை அந்தக் கேலி ஓயவில்லை. படித்தவர்களும் சொல்கிறார்கள், என் சக பேராசிரியர்களும் சொல்கிறார்கள். ஒரு கூலி வேலையைப் பற்றிய இத்தனை எரிச்சலில் பாதி, பெண்கள் கூட்டமாக நிழலில் உட்கார்ந்திருக்கும் காட்சியால் வருவது என்று நான் நம்புகிறேன்.

நான் வேலை பார்க்கும் ஊரின் பெயர் வேண்டாம். கரிசலை ஒட்டிய ஒரு நடுத்தர நகரம். மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் ஒரு வருடம் இப்படி ஒரு பயிற்சி கொடுத்தேன். ஊரின் வரைபடத்தைக் கையால் வரைய வேண்டும். அதில், எதையும் வாங்காமல், சாமி கும்பிடாமல், யாருக்கும் காத்திருக்காமல், ஒரு பெண் அரைமணி நேரம் உட்காரக்கூடிய இடங்களில் சிவப்புப் பொட்டு வைக்க வேண்டும். திணையும் நிலமும் படிக்கிற பிள்ளைகள், தாங்கள் நடக்கிற நிலத்தையும் பார்க்கட்டுமே என்று தொடங்கியது.

பதினெட்டுப் பேர் வரைந்தார்கள். கோயில் மண்டபத்தைப் பலர் வைத்தார்கள், விதிப்படி அடிக்க வேண்டியதாயிற்று. பேருந்து நிலையத்து இருக்கை என்றால் பேருந்து வரும்வரைதான், அதற்குமேல் உட்கார்ந்தால் ஒருவன் வந்து பக்கத்தில் உட்காருவான். பூங்காவில் ஜோடியாகப் போனால் ஒரு வம்பு, தனியாகப் போனால் இன்னொரு வம்பு. நூலகத்தில் பெண்கள் பகுதி உண்டு, நாலரைக்குப் பிறகு விளக்குப் போடுவதில்லை. ஒரு பெண் மட்டும் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு வெளியே உள்ள சிமெண்ட் திண்டைக் குறித்திருந்தாள். ‘அங்க யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க மேடம். யாருக்கோ புள்ள பொறக்கப்போகுதுன்னு நெனச்சுக்குவாங்க.’ மொத்த வகுப்புக்கும் மிஞ்சிய பொட்டுகள் இரண்டு. அதில் ஒன்று இந்தத் திண்டு.

பிறகு அந்தப் பிள்ளைகளே ஒரு முடிவுக்கு வந்தார்கள். சனிக்கிழமை மாலை பூங்காவில் போய் உட்காருவது. பதாகை இல்லை, கோஷம் இல்லை. முதல் வாரம் ஆறு பேர், நானும் போனேன். நிலக்கடலை வாங்கிக்கொண்டோம். பத்தே நிமிடத்தில் ஒரு காவலர் வந்து, ‘யாருக்கும்மா வெயிட் பண்றீங்க?’ என்று மரியாதையாகவே கேட்டார். ‘யாருக்கும் இல்ல சார்’ என்றாள் ஒருத்தி. அவருக்கு அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாலாவது வாரம் ஒரு மாணவியின் அப்பா பூங்காவுக்கே வந்து அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அந்தப் பெண் அடுத்த பருவத் தேர்வு எழுத வரவில்லை. கல்யாணம் என்று சொன்னார்கள். நான் கொடுத்த பயிற்சிதான் காரணம் என்று சொல்ல முடியாது. காரணம் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அந்தப் பயிற்சியைக் கொடுப்பதற்கு முன்னால் வகுப்பில் அதன் விலையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இதை நாங்கள் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ 2011-இல் வெளியானது. பெண்கள் பொதுவெளியில் இருக்க வேண்டுமானால் எப்போதும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது, காரணமின்றிச் சுற்றும் உரிமையைக் கேட்போம் என்பது அவர்கள் வாதம். பெங்களூரில் ஜஸ்மீன் பதேஜா தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ பெண்களைப் பூங்காக்களில் படுத்துத் தூங்க அழைத்தது. நகரத்தின் மீதான உரிமை என்று ஆன்றி லெஃபவ்ரு 1968-இல் எழுதியது எல்லாப் பாடத்திட்டத்திலும் வந்துவிட்டது. இவையெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் பூங்காவில் உட்காரச் சனிக்கிழமை மாலை வேண்டும். அக்கா வேலை பார்த்த கடையில் சனிக்கிழமை மாலைதான் கூட்டம் அதிகம்.

அந்தக் கேள்விக்குப் பதில் நான் தேடாத ஊரில் இருந்தது. 2019-இல் ஒரு கருத்தரங்குக்காகக் கோழிக்கோடு போனேன். மலையாள இலக்கியம் தெரிந்தவர்களுக்கு அந்த ஊரின் மிட்டாய்த் தெரு எஸ்.கே. பொற்றேக்காட்டின் ‘ஒரு தெருவின் கதை’. நானும் அதற்காகத்தான் பார்க்கப் போனேன். இரண்டு பக்கமும் ஜவுளி, செருப்பு, அல்வாக் கடைகள். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு பெண் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கூட வந்த மலையாளத் தோழிதான் விஜியின் கதையைச் சொன்னார்.

பி. விஜி ஒரு தையல்காரர். சிறு வயதிலேயே அந்தத் தெருவுக்கு வேலைக்கு வந்தவர். அங்கே கடைகளில் நிற்கும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் பக்கத்து ஓட்டலில் காசு கொடுத்து ஏதாவது குடிப்பதாகப் போய் ஒதுங்கிவிட்டு வர வேண்டும். தண்ணீர் குடிக்காமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். அக்காவின் நீர்க்கடுப்பு நினைவுக்கு வந்தது. நாலு மாடியும் நினைவுக்கு வந்தது.

2009, 2010 வாக்கில் இந்தப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். கடைக்கு ஒருத்தி, இரண்டு பேர் என்று சிதறிக் கிடந்தவர்கள். ஆலையில் நூறு பேர் ஒரே கூரையின் கீழ் இருப்பதுபோல் கடைத்தெருவில் இருக்க மாட்டார்கள். முதலாளி வேறு, சம்பளம் வேறு, கடை அடைக்கும் நேரம் வேறு. பொதுவாக இருந்தது தெரு ஒன்றுதான். அதனால் அவர்கள் தெருவைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் கோரிக்கை கூலி உயர்வு இல்லை, கழிப்பறை. தொழிற்சங்கத்துக்காரர்கள் பலருக்கு இது ஒரு கோரிக்கையாகவே தோன்றியிருக்காது. கூலி, போனஸ், எட்டு மணி நேரம் என்ற பட்டியலில் மூத்திரத்துக்கு இடம் ஏது? இந்தப் பெண்களோ உடம்பிலிருந்து தொடங்கினார்கள். கழிப்பறைக்கு அடுத்து நாற்காலி. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘இரிக்கல் சமரம்’, உட்காரும் போராட்டம். மலையாளத்தில் ‘இரி’ என்றால் உட்கார். நமது ‘இரு’தான் அது. முல்லைத்திணையின் இருத்தலை இவ்வளவு காலம் காத்திருத்தல் என்றே வாசித்துவந்த எனக்கு, அந்தத் தெருவில் அதே வேர்ச்சொல் வேறு அர்த்தத்தில் கேட்டது.

2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய சேலைக்கடையின் விற்பனைப் பெண்கள் சிலர் வேலைநிறுத்தம் செய்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். கடை வாசலில் நூறு நாட்களுக்கு மேல் உட்கார்ந்தார்கள். உள்ளே உட்கார விடாத கடையின் வெளியே உட்கார்ந்தார்கள் என்று தோழி சொன்னபோது, அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. 2018-இல் கேரள அரசு 1960-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று எழுதியது. அதே ஆண்டு பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் வந்தது. நான் போனபோது மிட்டாய்த் தெருவில் சில கடைகளில் ஸ்டூலைப் பார்த்தேன், சில கடைகளில் பார்க்கவில்லை.

தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் 2021 செப்டம்பரில் வந்தது. 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கடைகளில் வேலை செய்கிற எல்லாருக்கும் பொருத்தமான இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு வரும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். தொழிற்சாலைகளுக்கு இப்படியொரு ஏற்பாடு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. கடைப்பெண்களுக்கு வர இன்னும் 73 வருடம் ஆனது. இங்கிலாந்தில் மூன்று விற்பனைப் பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று 1899-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். நம்மை ஆண்டவர்கள் ரயிலையும் பீனல் கோடையும் கொண்டுவந்தார்கள், அந்த ஸ்டூலைக் கொண்டுவரவில்லை.

செய்தியை அக்காவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டூலுன்னு போட்டிருக்கா?’ என்று கேட்டாள். போடவில்லை. ‘வாய்ப்பு வரும்போதுன்னா, வாய்ப்பு வந்துச்சா வரலையான்னு யாரு சொல்லுவா? சூப்பர்வைசரா?’ சட்டத்தை இவ்வளவு கூர்மையாக வாசிக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை. என் மாணவி ஒருத்தி தீபாவளி சீசனுக்கு ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டு வந்து சொன்னாள்: ‘ஸ்டூல் இருக்கு மேடம். ரேக்குக்குப் பின்னால அடுக்கி வச்சிருக்காங்க. லேபர் ஆபீசர் வாறாருன்னா எடுத்துப் போடுவாங்க.’ அவளோடு வேலை பார்த்த ஒரு மூத்த பெண் மட்டும் ஒருநாள் தானே ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாராம். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த அம்மாவை மூன்றாம் மாடி குடோனுக்கு மாற்றினார்கள். ‘அங்க உக்காந்துக்கிடலாம் மேடம், யாரும் பாக்க மாட்டாங்க’ என்றாள் மாணவி. இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

உட்காருவதைப் பற்றி எழுதும்போது எங்கள் மாவட்டத்தில் 2018-இல் உட்கார்ந்தவர்களை விட்டுவிட முடியாது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து, ஆலையை ஒட்டிய அ.குமரெட்டியபுரத்து மக்கள் பிப்ரவரி 12 அன்று ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். குளத்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பெண்கள் பாதிக்கு மேல். சமையலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டும் பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டும் போராடினார்கள். வீட்டில் செய்கிற வேலையையே அங்கே கொண்டுவந்து செய்ததால் அந்த மரத்தடி வீடு மாதிரியும் ஆகிவிட்டது, மேடை மாதிரியும் ஆகிவிட்டது. நூறாவது நாளான மே 22 அன்று எழுந்து கலெக்டர் ஆபீசை நோக்கி நடந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் டெல்லி ஷாகீன் பாக்கில் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததையும், 2020 பிப்ரவரியில் சென்னை வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்ததையும் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அம்மா கேட்ட ஒரே கேள்வி, ‘ஒண்ணுக்குப் போக என்னட்டி செய்வாளுக?’ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த இடப் போராட்டமும் பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மிட்டாய்த் தெருக்காரிகள் அதிலிருந்துதானே தொடங்கினார்கள்.

இனி எங்கள் ஊர் நிழற்குடை.

அக்கா ஊருக்குத் திரும்பிக் கல்யாணமாகி, இப்போது வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள். நூறு நாள் வேலைக்கும் போவாள். வேலை முடிந்து வருகிற பெண்கள் மம்பட்டியும் சட்டியுமாக நிழற்குடையில் ஏறி உட்கார ஆரம்பித்தது எப்போது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. யாரும் திட்டமிடவில்லை. வெயில், களைப்பு, இருபது பேர் என்ற பலம். சீட்டு விளையாடுகிறவர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு முனகினார்கள், பிறகு டீக்கடைக்கு மாறிக்கொண்டார்கள். 2021-இல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசமானதும் விளாத்திகுளம் போகிறவர்கள், தூத்துக்குடி போகிறவர்கள் என்று கூட்டம் கூடியது. நிழற்குடை கிட்டத்தட்டப் பெண்கள் இடமாகிவிட்டது. நான் இதை ஒரு கருத்தரங்கில் பெருமையாகச் சொன்னேன். கைதட்டினார்கள்.

அக்காதான் அதைத் திருத்தினாள். ‘நம்ம தெருப் பொம்பளைகதான் உக்காருதோம். காலனிக்காரங்க இன்னும் வேப்பமரத்தடியிலதான் நிக்காங்க. நீ பாக்கலையா?’

பார்க்கவில்லை. ஒரே கம்மாயில் ஒரே மண்ணைச் சுமந்தவர்கள். கம்மாய்க்கரையிலும் தனித்தனி நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மடத்தைக் கடக்கும்போது அந்தத் தெருக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்ட காலத்தை ஆச்சி கதை போலச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதைப் பழங்கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைத் தடுத்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டதை வகுப்பில் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். அங்கேயும் சண்டை சுவரோடு முடியவில்லை, அரசமரத்தடிக்கும் பேருந்து நிழற்குடைக்கும் நடந்தது. இவ்வளவும் தெரிந்த எனக்கு, எங்கள் ஊர் வேப்பமரத்தடியில் யார் நிற்கிறார்கள் என்பது கண்ணில் படவில்லை. என் வரைபடத்தில் நான் வைத்த சிவப்புப் பொட்டு எங்கள் தெருவுக்கு மட்டுமான பொட்டு.

அக்கா ஒருநாள் மரத்தடியில் நின்ற ஓர் அம்மாவை, ‘பெரியம்மா, வாங்க, வந்து உக்காருங்க’ என்று கூப்பிட்டாள். அறுபது வயதைத் தாண்டியவர். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். நிழற்குடைக்குள் பேச்சு நின்றுபோனது. அந்த அம்மா வரவில்லை. ‘இருக்கட்டும் தாயி, பஸ் வந்துரும்’ என்றார். பஸ் வர முக்கால் மணி நேரம் இருந்தது. அன்று ராத்திரி அம்மா அக்காவோடு பேசவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு மதினி இரண்டு மாதம் ஜாக்கெட்டைத் தைக்க வேறு ஊருக்குக் கொண்டுபோனாள்.

அக்கா என்ன செய்தாள் என்றால், அடுத்த நாளிலிருந்து தானும் வேப்பமரத்தடிக்குப் போனாள். வெரிகோஸ் காலோடு அங்கே குத்த வைத்தாள். நிற்க முடியாது அவளால். அவள் தரையில் உட்கார்ந்ததும் அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். சில வாரம் இது நடந்தது. பிறகு ஒரு மழை நாளில் எல்லாரும் ஓடி நிழற்குடைக்குள் ஏற வேண்டியதாயிற்று. மழை விட்டபிறகும் யாரும் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு காலனிப் பெண்கள் சிலர் உட்காருகிறார்கள், சிலர் இன்னும் உட்காருவதில்லை. உட்காருகிறவர்களும் கடைசி ஓரத்தில்தான். எங்கள் தெருவில் இரண்டு பேர் இப்போது நிழற்குடைக்குள் வருவதில்லை, வெயிலிலேயே நிற்கிறார்கள்.

போன பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது பேருந்திலிருந்து இறங்கியதும் அக்காவைப் பார்த்தேன். நிழற்குடையின் சிமெண்ட் திண்டில் காலை நீட்டிப் போட்டிருந்தாள், பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. பக்கத்தில் அந்தப் பெரியம்மா. இரண்டு பேரும் அக்காவின் முடிச்சு நரம்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எருக்கிலையை வதக்கி வைத்துக் கட்டச் சொன்னார் அவர். டாக்டர் ஆபரேஷன் சொல்கிறார் என்றாள் அக்கா. பைக்கில் வந்த ஒருவர், எங்களுக்குச் சித்தப்பா முறை, வண்டியை நிறுத்தி, ‘காலை மடக்கி உக்காரு தாயி, ஆம்பளைக நாலு பேரு போற வாற எடம்’ என்றார்.

‘மடக்குனா வலிக்கி சித்தப்பா’ என்றாள் அக்கா. என்னைப் பார்த்ததும் பையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.